மல்லித்தண்ணி டீமேக்கர்

தேயிலை மலைக்கு நடுவில் பிறந்து, தேயிலையிலேயே சம்பளம் வாங்கி, எந்தச் சவர்க்காரம் போட்டுத் துவைத்தாலும் போகாத தேயிலை வாசத்தைச் சட்டையில் சுமந்துகொண்டு, ஒரு மிடறு தேத்தண்ணிகூடத் தொண்டைக்குள் இறக்காத மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் எங்கள் தோட்டத்து டீமேக்கர். அவருடைய சொந்தப் பெயர் ஆபீஸ் புத்தகத்தில் இருந்தது. வேறு எங்கும் இருந்ததாகத் தெரியவில்லை. அக்கரப்பத்தனை கடைவீதி வரைக்கும் அவர் ‘மல்லித்தண்ணி டீமேக்கர்’தான்.

டீமேக்கர் என்றதும் தேத்தண்ணிக் கடைக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். கொழுந்தை வாட்டி, உருட்டி, காயவைத்து, சலித்துப் பெட்டியில் அடைக்கிறவரைக்கும் ஸ்டோர் முழுவதும் அவர் பொறுப்பு. எங்கள் பக்கத்தில் தேயிலைத் தொழிற்சாலையை ஸ்டோர் என்றுதான் சொல்வோம். காலையில் வெள்ளைக் கோப்பைகளை வரிசையாக வைத்து, கரண்டியால் அள்ளி, ‘சர்ர்ர்’ என்று உறிஞ்சி, கன்னத்துக்குள் ஒரு சுழற்றுச் சுழற்றி, நாலடி தள்ளியிருக்கும் தகர வாளிக்குள் ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் துப்புவார்.

"மேட்டு மலைக் கொழுந்து. மழையில நனஞ்சத அப்படியே கொண்டாந்து கொட்டியிருக்காங்க" என்பார். மேட்டு மலைக் கொழுந்துக்குப் பொறுப்பான கணக்கப்பிள்ளை அன்று முழுவதும் அந்தப் பக்கம் தலைகாட்ட மாட்டார்.

எல்லாக் கோப்பையும் முடிந்ததும் வாயைக் கொப்பளித்துவிட்டு, கரி அடுப்பில் கொதித்துக்கொண்டிருக்கும் மல்லித்தண்ணியை எடுப்பார். வறுத்த கொத்தமல்லி, தட்டிப்போட்ட சுக்கு, ஒரு துண்டு மரமஞ்சள். அந்தக் கலவை எப்படி இருக்கும் என்பது காய்ச்சலில் படுத்து எழுந்தவர்களுக்குத் தெரியும். மற்றவர்கள் தெரிந்துகொள்ளாமலே இருப்பது நல்லது.

நான் அந்தத் தோட்டத்து ஆபீஸில் இரண்டாவது கிளாக்கராகப் போய்ச் சேர்ந்த அன்று அவர் என் பெயரைக் கேட்கவில்லை. ஊரைக் கேட்கவில்லை. கோப்பையை நீட்டினார்.

"குடிங்க தம்பி. எப்படி இருக்கு?"

"உறைப்பா இருக்குங்க."

"பயந்துருக்கீங்க. தொரையப் பாத்துட்டு வாறீங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்போதுதான் வெள்ளைக்காரத் துரையின் முன்னால் அரை மணி நேரம் நின்றுவிட்டு வந்திருந்தேன். அவர் கேட்ட எல்லாவற்றுக்கும் ‘யெஸ் சேர்’ சொல்லியிருந்தேன். கல்யாணமாகிவிட்டதா என்றதற்கும் ‘யெஸ் சேர்’தான். ஆகியிருக்கவில்லை.

சட்டியில் இருப்பது எல்லாருக்கும் ஒன்றுதான், நாக்குத்தான் மாறும் என்பது அவருடைய சித்தாந்தம். பயந்தவனுக்கு உறைக்கும். கோபக்காரனுக்குக் கசக்கும். எதையாவது ஒளிக்கிறவனுக்கு உப்புக் கரிக்கும். நிம்மதியாக இருக்கிறவனுக்கு மட்டும் லேசாக இனிக்கும். கவலை முற்றிப்போனவனுக்கு ஒன்றுமே தெரியாது, வெறும் வெந்நீர்.

நான் இதை நம்பவில்லை, பெரிய கங்காணி வந்து குடிக்கும்வரை. கங்காணி ஒரு மிடறு குடித்துவிட்டு, வெள்ளை மனதோடு, "என்னங்க, மறதியா உப்பப் போட்டுட்டீங்களா?" என்று கேட்டார். டீமேக்கர் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?" என்று மட்டும் விசாரித்தார். அந்த வாரமே கொத்மலைப் பக்கம் கங்காணிக்கு இன்னொரு வீடு இருப்பது வெளியே வந்துவிட்டது.

அதற்குப் பிறகு தோட்டத்தில் எல்லாருக்கும் இனித்தது. மேட்டு மலைக் கணக்கப்பிள்ளை கண்ணில் தண்ணீர் வழிய, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "தேன் மாதிரி இருக்குங்க" என்றார். கொழுந்து கொண்டுவருகிற பெண்கள் ஸ்டோர் வாசலில் கூடையை இறக்கிவைத்துவிட்டு ஓட்டம் பிடித்தார்கள். "அந்தப் பக்கம் நிக்காதடி, ஐயா தண்ணி குடுத்துப்புடுவாரு" என்று ஒருத்தி மற்றவளை இழுத்துக்கொண்டு போனதை நானே பார்த்தேன்.

ஒருநாள் துணிச்சலோடு திருப்பிக் கேட்டுவிட்டேன். "உங்களுக்கு எப்படிங்க இருக்கு?"

"எனக்கா?" சிரித்தார். "வெந்நி. அஞ்சு வருசமா வெந்நி."

அதைச் சொன்ன சூட்டோடு, ஒரு கடிதம் ஆங்கிலத்தில் அடித்துத் தர முடியுமா என்று கேட்டார். அப்படித்தான் எனக்குச் சொர்ணத்தின் கதை தெரிந்தது.

சொர்ணம் அவருடைய மனைவி. இந்தியாவில், துறையூர்ப் பக்கத்தில் தகப்பனார் படுத்த படுக்கையாகிவிட்டார் என்று பார்க்கப் போனவர். மூன்று மாதத்துக்குள் திரும்பி வருவதாகக் கையில் காகிதம் வாங்கிக்கொண்டுதான் கப்பல் ஏறினார். தகப்பனாரோ அவசரப்படவில்லை. ஏழு மாதம் சாவகாசமாக இருந்து போய்ச் சேர்ந்தார். அதற்குள் காகிதத்தின் தவணை முடிந்துவிட்டது. முன்பெல்லாம் தோட்டத்து ஆட்கள் பக்கத்து மலைக்குப் போகிற மாதிரி அக்கரைக்குப் போய்வந்தார்கள். நாட்டுக்குச் சுதந்திரம் வந்த பிறகு யார் எந்தக் கரையைச் சேர்ந்தவர் என்கிற கேள்வியும் வந்துவிட்டது. சொர்ணத்துக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. கொழும்பில் அனுமதி கிடைக்காமல் அவர் திரும்பி வர முடியாது.

"அவளுக்குத் தேத்தண்ணி ஒத்துக்காது தம்பி. மல்லித்தண்ணிதான் குடிப்பா. பதினோரு வருசம் கேலி பண்ணியே கொன்னேன். டீமேக்கர் பொண்டாட்டி மல்லித்தண்ணி குடிக்கிறான்னு ஊரு சிரிக்குதுடின்னு. போனதுக்கப்புறம் எனக்குத் தேத்தண்ணி எறங்கல. சம்பளத்துக்கு உறிஞ்சித் துப்புறேன். முழுங்க மனசு வரல."

மல்லியை அவள் எந்தப் பக்குவத்தில் வறுப்பாள் என்று அவர் கவனித்ததில்லை. ஐந்து வருஷமாக ஒவ்வொரு நாளும் வறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அனுமதி கேட்டுக் கொழும்புக்குக் கடிதம் அடிப்பது எனக்கு வாடிக்கையாகிவிட்டது. தபால் பை தூக்கிவரும் முனியாண்டி பதினொரு மணிக்குத்தான் வருவான். அதற்கு முன்னால் ஸ்டோரில் ருசி பார்க்கிற வேலை முடிந்தாக வேண்டும். பையைக் கண்ணால் கண்டதும், பதில் இருக்குமோ என்ற நினைப்பில் டீமேக்கரின் நாக்கு கதவைச் சாத்திக்கொள்ளும். ஒருநாள் லொறிக்காரன் எவனோ ஏற்றிவந்து விட்டதில் முனியாண்டி ஒன்பது மணிக்கே வந்து நின்றான். அன்றைக்குப் பார்த்த தேயிலையெல்லாம் டீமேக்கருக்கு ஒரே ருசி. எல்லாம் நன்றாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார். சில நாள் கழித்து, அதில் கருகிப்போயிருந்த தேயிலைக்குக் கொழும்பிலிருந்து வந்த வசவைக் கையில் பிடித்துக்கொண்டு, துரை ஸ்டோருக்குள் புயலாக வந்தார்.

டீமேக்கர் மன்னிப்புக் கேட்கவில்லை. கோப்பையை நீட்டினார். பக்கத்தில் நின்ற நான் ஒரு அடி பின்வாங்கினேன்.

"என்னா மேன் இது?"

"குடிச்சுப் பாருங்க தொர."

துரை என்ன நினைத்தாரோ, குடித்தார். இன்னொரு தரமும் குடித்தார். "டேஸ்ட் இல்லே. சும்மா சுடுதண்ணி."

"அப்ப தொரைக்கும் ஏதோ கடுதாசி வரணும்" என்றார் டீமேக்கர்.

அவருக்கு வேலை போயிற்று என்றே நான் முடிவு கட்டிவிட்டேன். துரை வாசல் படியில் உட்கார்ந்தார். தன் ஆபீஸ் நாற்காலியைத் தவிர அவர் வேறெங்கும் உட்கார்ந்து நாங்கள் பார்த்ததில்லை. "தொரசானி லண்டன் போச்சு. ரெண்டு வருசம். லெட்டர் இல்லே" என்றார். இரண்டு பேரும் மூடுபனியைப் பார்த்துக்கொண்டு மீதியைக் குடித்து முடித்தார்கள். அன்று சாயந்திரம் சொர்ணத்துக்காகக் கொழும்புக்கு ஒரு சிபாரிசுக் கடிதத்தைத் துரை தானே சொல்லச் சொல்ல நான் அடித்தேன்.

துரையே எழுதிவிட்டார் என்றதும் டீமேக்கர் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தார். மல்லி வாங்க டவுனுக்குப் போனவர் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றும் சீப்பும் சேர்த்து வாங்கிவந்தார். "லேசா உறைக்கிற மாதிரி இருக்கு தம்பி" என்று நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு சொன்னார்.

பதில் ஒரு திங்கட்கிழமை வந்தது. பையைப் பிரிப்பது என் வேலை. பழுப்பு உறைக்குள் நான்கே வரி. அனுமதிக்க முடியாது, இனி விண்ணப்பிக்கவும் வேண்டாம்.

அதை என் மேசை லாச்சியில், மை ஒற்றும் தாளுக்கு அடியில் வைத்தேன். காரணம் ஒன்றுமில்லை, கோழைத்தனம்தான். தினமும் அவர் வந்து, "வந்துச்சா?" என்பார். "இல்லைங்க" என்பேன். நாளைக்குச் சொல்லலாம் என்று நான்கு நாள் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை ஸ்டோருக்கு வரச் சொன்னார். கோப்பையைக் கையில் கொடுத்தார். உப்புக் கரிக்கும் என்று தயாராகத்தான் போயிருந்தேன். கரித்தால் முகத்தைச் சுளிக்காமல் ‘இனிப்பா இருக்குங்க’ என்று சொல்வதற்கு வழியெல்லாம் பழகிக்கொண்டும் போயிருந்தேன். குடித்தேன். கரிக்கவில்லை. கசக்கவில்லை. சூடு மட்டும்தான் தெரிந்தது.

"எப்படி இருக்கு?"

"இனிப்பா..." கோப்பையை வாயிலிருந்து இறக்கினேன். "ஒண்ணும் தெரியலைங்க."

என் முகத்தையே பார்த்தார்.

"எப்ப வந்துச்சு?"

"திங்கக்கிழமைங்க."

திட்டுவார் என்று நின்றேன். அவர் என் கையிலிருந்து கோப்பையை வாங்கிக் கழுவிக் கவிழ்த்தார். "நாலு நாளா நீங்க ஒத்த ஆளாத் தூக்கிட்டுத் திரிஞ்சீங்களா? சாப்புட்டீங்களா தம்பி?" என்று கேட்டார். அங்கேயே, தேயிலைப் பெட்டிகளுக்கு நடுவில், நான் அழுதேன். அவர் அழவில்லை.

மறுநாள் வழக்கம்போல உறிஞ்சித் துப்பி முடித்துவிட்டு ஆபீஸுக்கு வந்தார். "ராஜினாமா ஒண்ணு அடிங்க" என்றார்.

"அந்த ஊரு எந்தத் திக்குன்னே உங்களுக்குத் தெரியாதேங்க. பொறந்தது இந்த மலையில. போனா திரும்பி வர முடியாது."

"வர்றதுக்குத்தான் கேள்வி கேக்குறாங்க. போறவன யாரு கேக்கப் போறா?"

"அங்க தேயிலை வெளையாதுங்க. என்ன செய்வீங்க?"

"சொர்ணம் இருக்காளே."

அந்த ராஜினாமாவில் இருந்தது ஐந்து வரி. நான் செய்த பிழை ஒன்பது. துரை அதைத் திருத்தாமலே கையெழுத்துப் போட்டார். பிறகு எழுந்து நின்று டீமேக்கருக்குக் கை கொடுத்தார். "நீ சரியான ஆள் மேன். நான் லண்டன் போகல்லே" என்றார்.

தலவாக்கலை ஸ்டேஷனில் வழியனுப்பப் பாதித் தோட்டம் வந்திருந்தது. மேட்டு மலைக் கணக்கப்பிள்ளை எல்லாரையும்விடச் சத்தமாக அழுதார். இனி அவரைப் பிடிக்க ஆளில்லை என்பதை நினைத்தும் பார்க்காமல் அழுதார் பாவம். டீமேக்கர் கண்ணாடியையும் சீப்பையும் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார். அதோடு எங்கள் ஸ்டோர்த் தேயிலையில் ஒரு பொட்டலம். "இது எனக்கு. அங்க போய்க் குடிக்கலாம்னு இருக்கேன்" என்றார். ரயில் நகர்ந்தபோது என்னைப் பார்த்துக் கையைக் கூப்பினார். என்னைவிட இருபது வயது மூத்தவர். நான் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு கடிதம் வந்தது. அவரே தமிழில், கோணல் மாணலாக எழுதியிருந்தார். ‘தம்பிக்கு. சௌக்கியமாக வந்து சேர்ந்தேன். சொர்ணத்துக்குத் தலை நரைத்துவிட்டது. எனக்கும் நரைத்துவிட்டது என்று அவள் சொன்னாள். வந்த அன்றே மல்லித்தண்ணி போட்டுக் கொடுத்தாள். இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தது. குடித்தேன். ருசி தெரியவில்லை. கவலைப்பட வேண்டாம், அழுதுகொண்டே குடித்ததால் அப்படி. நாளைக்கு மறுபடி குடித்துப் பார்த்து எழுதுகிறேன்.’

அடுத்த கடிதம் வரவில்லை. ஒரு மாதம் முனியாண்டியைப் பாதி வழியிலேயே மறித்துப் பையைப் பிரித்துப் பார்த்தேன். பிறகு நானே ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டேன். அத்தனை வருஷப் பேச்சு மிச்சம் இருந்தது அவர்களுக்கு. உட்கார்ந்து எனக்குக் கடிதம் எழுத எங்கே நேரம் கிடைத்திருக்கும்? இருந்தாலும், ஐயா, எங்கிருந்தாவது இதைப் படித்தால் தெரிந்துகொள்ளுங்கள்: அந்தக் கேவலமான மரமஞ்சள் தண்ணீரை உங்கள் கையால் இன்னும் ஒரு கோப்பை வாங்கிக் குடிக்க எனக்கு ஆசையாக இருக்கிறது.