சேஷன் கையில மாட்டின மீனு

கை நமநமக்கற ஆளுங்கன்னு ஒரு இனம் இருக்குங்க. எதுக்காவது ஒடம்பு சரியில்லேன்னு காதுல விழுந்தாப் போதும், இவங்க கை தானா எந்திரிச்சு நடக்க ஆரம்பிச்சிரும். நீங்க தும்மினா கஷாயம், விக்கினா முதுகுல ஒரு குத்து, ஃபேன் முனகினா எண்ணெய், பக்கத்து வீட்டு ஸ்கூட்டர் இருமினா அதையும் பிரிச்சுப் போட்டு நடுரோட்டுல கடை விரிப்பாங்க. நோயாளி பொழைக்கணுமா? அது அப்புறம். இவங்க ஏதாவது செஞ்சாகணும்.

டெல்லியில லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸ்ல இந்த இனத்துக்கே ராஜா ஒருத்தர் இருக்காரு. பேரு சேஷன். சென்ட்ரல் கவர்மென்ட் ஆபீசரு. ஆபீஸ்ல ஃபைல் மேல குருவி கூடு கட்டி, முட்டை போட்டு, குஞ்சுக்குக் கல்யாணம் ஆகற வரைக்கும் அதைத் தொட மாட்டாரு. வீட்டுல ஒரு எறும்பு நொண்டினா கட்டுப் போட ஓடுவாரு.

இவரு பொண்ணு ஷ்வேதா பூனாவுல ஹாஸ்டல். போறப்ப தன்னோட கோல்டு ஃபிஷ்ஷை அப்பா கையில ஒப்படைச்சிட்டுப் போச்சு. பாவம், வேற கை கிடைக்கல. மீனோட பேரு டைரக்டர். கண்ணாடிகிட்ட வரும், வாயைத் திறக்கும், ஒண்ணும் சொல்லாமத் திரும்பிப் போயிடும். அப்பா ஆபீஸ் டைரக்டரும் அப்படித்தானாம், அதனால அந்தப் பேரு.

லீவுக்கு ஷ்வேதா வரப்போற வாரம் பாத்து டைரக்டர் தொட்டி அடியில போய் ஒக்காந்துட்டாரு. தண்ணி கஞ்சி மாதிரி கலங்கிக் கெடக்கு. சேஷன் தொட்டியைச் சுத்திச் சுத்தி வந்தாரு. பொண்ணு வந்து முதல்ல பாக்கப்போறது அப்பாவையா? மீனைத்தான்.

"ஏன்னா, கொஞ்சம் சும்மா இருங்கோளேன். ஷ்வேதாவை ஒரு வார்த்தை கேட்டுட்டு..."ன்னு சம்சாரம் ஹம்சா சொல்லி முடிக்கல, இவரு வேட்டியை மடிச்சுக் கட்டிட்டாரு.

தொட்டித் தண்ணி மொத்தத்தையும் கவுத்தாரு. ஃபில்டர் ஸ்பாஞ்சைப் பாத்திரம் தேய்க்கற சோப்புப் போட்டு, அது அழற வரைக்கும் பிழிஞ்சாரு. புதுத் தண்ணி? நம்ம டெல்லிக்காரங்களுக்கு ஆர்.ஓ. தண்ணிதானே அமிர்தம்! மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்தாக்கூட ரெண்டாவது டம்ளர் யோசிச்சுத்தான் குடுப்போம். அந்தத் தண்ணியை, ஃப்ரிட்ஜ்லேர்ந்து சில்லுன்னு, பாட்டில் பாட்டிலாக் கவுத்தாரு.

"நாம குடிக்கற தண்ணி ஹம்சா! சுத்தம்!"

சுத்தம்தான். மீனுக்கு வேண்டிய உப்பு, சத்து ஒண்ணும் இல்லாத சுத்தம். ஜூன் மாச வெந்நீர்ல இருந்த ஜீவனைத் தூக்கி சிம்லாவுல போட்டா என்ன ஆகும்? டைரக்டர் ஒருக்களிச்சுப் படுத்துட்டாரு.

சேஷன் தொட்டி முன்னாடி நின்னாரு. மூஞ்சில ஈயாடல. ஆனா கை நிக்குமா? நேரா பூஜை ரூமுக்குப் போச்சு. காசியிலேர்ந்து வாங்கிட்டு வந்த கங்கைச் சொம்பை எடுத்துச்சு. மூடியோட ஈயத்தைக் கத்தியால நெம்புச்சு.

"ஐயையோ! என்ன பண்றேள்?"

"கங்கைடி! சர்வ ரோக நிவாரணி!"

"அதை யாருக்கு, எப்போ விடுவா தெரியுமோ? கடைசி மூச்சு இழுத்துண்டிருக்கறப்போ வாயில விடறது! அதுக்கு இன்னும் உசிர் போகலையே!"

சேஷன் கையில கத்தி அப்படியே நின்னுச்சு. தொட்டியைப் பாத்தாரு. டைரக்டர் வாயைத் திறந்தாரு. கண்ணுல தண்ணி வந்துருச்சுங்க. மீனுக்கு இல்ல, இவருக்கு.

அதுக்குள்ள ஹம்சா வீடியோ கால் போட்டாச்சு. ஷ்வேதா தொட்டியைப் பாத்துட்டுக் கத்துன கத்துல பூனாவுல புறா பறந்திருக்கும்.

"அப்பா! ஹாத் மத் லகாவோ! தொடாதீங்கோ! அம்மா, நீ பண்ணு. காலையில பிடிச்சு வெச்ச குழாய்த் தண்ணி பக்கெட்ல இருக்கா? அதுல என் நீலப் பாட்டில் மருந்தை, லேபிள்ல போட்டிருக்கற அளவு மட்டும் விடு. க்ளோரின் போயிடும். தொட்டிச் சூடும் பக்கெட் சூடும் ஒண்ணா இருக்கான்னு பாரு. அப்புறம் ஒரு டம்ளர் எடு, ஒரு டம்ளர் விடு. கொஞ்ச நேரம் சும்மா இரு. மறுபடி ஒரு டம்ளர். நாளையிலேர்ந்து தினம் கொஞ்சம் மாத்தினாப் போறும், மொத்தமா வேண்டாம். ஸ்பாஞ்சை இனிமே எடுத்து வெச்ச தொட்டித் தண்ணியிலயே அலசு. இன்னிக்கு சாப்பாடு நஹி. ஆமா, தண்ணி ஏம்மா அப்படிக் கலங்கித்து?"

ஹம்சா புருஷனைப் பாத்தாங்க. புருஷன் கூரையைப் பாத்தாரு.

"போறப்ப வரப்ப இட்லியைப் பிச்சுப் பிச்சுப் போட்டார்டி உங்கப்பா. 'பாவம், பசிக்கறது'ன்னு."

"மேரே அப்பா..."ன்னு ஷ்வேதா தலையில கை வெச்சுக்கிச்சு.

அப்புறம் சேஷனுக்கும் ஒரு வேலை குடுத்தாங்க. நாற்காலியில ஒக்காந்து ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வெச்சுக்கணும். அவ்வளவுதான். பொறந்ததுலேர்ந்து அந்த மனுசன் இவ்வளவு கஷ்டமான வேலை பாத்ததே இல்லீங்க! ஹம்சா டம்ளர் டம்ளரா ஊத்தறாங்க, இவரு வேர்த்து ஊத்தறாரு.

ஷ்வேதா வந்து எறங்கறப்ப டைரக்டர் நிமிந்துட்டாரு. கண்ணாடிகிட்ட வந்து வாயைத் திறந்தாரு.

"பாவம், பசிக்கறது போல இருக்கே"ன்னு சேஷன் கை தட்டுப் பக்கம் போச்சு. அதுல இட்லி. அம்மாவும் பொண்ணும் ஆளுக்கொரு கையாப் பிடிச்சுக்கிட்டாங்க.

நல்லா சிரிங்க. ஆனா ஒண்ணு. படிச்சிட்டு வர்றப்ப, 'ஒரு சிட்டிகை மஞ்சத்தூள் போட்டிருந்தா அப்பவே எந்திரிச்சிருக்குமே'ன்னு உங்க மனசுல ஓடுச்சில்ல? ஓடுச்சு, எனக்குத் தெரியும். எந்திரிக்காதீங்க. அந்த ரெண்டு கையையும் கொஞ்சம் தொடைக்கு அடியில வெச்சுக்குங்க.