பெக்டரிக்குப் போன லெப்டொப்

ஒன்றுமே படிக்காதவன் "எனக்குத் தெரியாதுங்க" என்று ஒதுங்கிக்கொள்வான். நன்றாகப் படித்தவன் கை வைக்குமுன் யோசிப்பான். பயப்பட வேண்டியது பதுளை டவுனில் மூன்று மாதம் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போனவனுக்குத்தான். நான் மூன்று மாதம் போனவன். (அதிலும் கடைசி மாதம் பாதி நாள் மழை.)

லுணுகலையில் இருந்த என் புகழ் பூனாகலை தோட்டம் வரைக்கும் பரவியிருந்தது. பரப்பியவர் அம்மா. பூனாகலையில் அம்மாவின் தம்பி இருந்தார். தேயிலை பெக்டரியில் ரோலர் மெஷின் பார்க்கிறவர். அவருடைய மகள் தேவிகா ஆசிரியர் பயிற்சியின் கடைசிக் கட்டத்தில் இருந்தாள். மாமா என்னை "மாப்ள" என்றுதான் கூப்பிடுவார். முறைக்காகக் கூப்பிடுகிறாரா, மனதில் ஏதாவது வைத்துக்கொண்டு கூப்பிடுகிறாரா என்று தெரியாமல் நான் தூக்கம் கெட்ட நாட்கள் உண்டு.

ஒரு சனிக்கிழமை காலை மாமாவிடமிருந்து போன். தேவிகாவின் லெப்டொப் கறுப்புத் திரையில் சில வெள்ளை வரிகளைக் காட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டதாம். உள்ளே அவள் மாதக்கணக்காக உழைத்துச் செய்த பாடத்திட்டம். திங்கட்கிழமை பண்டாரவளையில் ஒப்படைக்காவிட்டால் பயிற்சி முடிந்ததாகக் கணக்கில்லை. மாமா பேசி முடிக்கும்போது நான் ஒரு காலில் செருப்பு மாட்டியிருந்தேன்.

லெப்டொப்போடு வந்த ரெக்கவரி சீடியை தேவிகா பெட்டி கலையாமல் வைத்திருந்தாள். உள்ளே போட்டதும் கொர்ரென்று சுற்றி, ஆங்கிலத்தில் இரண்டு வழி காட்டியது. ஒன்று, உள்ளே இருப்பதைத் தொடாமல் பழுதுபார்ப்பது. மற்றது, பெக்டரியிலிருந்து வந்த நிலைக்கே கொண்டுபோவது.

முதலாவதை அழுத்தினேன். முடியவில்லை என்றது. மறுபடி அழுத்தினேன். சீடியை வெளியே எடுத்து, ஊதி, சட்டையில் துடைத்துப் போட்டு அழுத்தினேன். முடியவே முடியாது என்றது. அது சொல்லச் சொல்ல எனக்கு வீம்பு ஏறியது. தேத்தண்ணி கொண்டுவந்து வைத்த தேவிகா என்னைப் பார்த்த பார்வையில் நான் பெரிய டாக்டர். தோற்றுப்போய் ஊருக்குத் திரும்புவதாவது?

அவள் குடத்தை எடுத்துக்கொண்டு பீலிக்குத் தண்ணீர் பிடிக்கப் போனாள். அந்த இடைவெளியில்தான் விதி உள்ளே வந்தது.

"என்ன மாப்ள கேக்குது?" என்றார் மாமா.

"பெக்டரிக்கு அனுப்பவான்னு கேக்குது மாமா."

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். "பெக்டரிக்கா? அப்ப யோசிக்காம அனுப்பு மாப்ள. பச்சக் கொழுந்தே அங்க போய்த்தான தேயிலையா வருது."

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. தோட்டத்தில் பிறந்தவனுக்கு பெக்டரி என்றால் பொருள் தரமாகி வெளியே வருகிற இடம். அனுப்பினேன். நிச்சயமா என்று கேட்டது. அதுவரை என்னிடம் யாரும் அத்தனை மரியாதையாக எதையும் கேட்டதில்லை, நிச்சயம் என்றேன். எல்லாம் போய்விடும், பரவாயில்லையா என்று மறுபடி கேட்டது. பழுதெல்லாம் போய்விடும் என்று எடுத்துக்கொண்டேன். (ஆங்கில வகுப்பில் நான் தாக்குப்பிடித்தது கம்ப்யூட்டர் வகுப்பைவிடக் குறைவு.)

திரை பளிச்சென்று வந்தது. மாமா என் முதுகில் தட்டினார். தேவிகா குடத்தை இறக்கிவிட்டு வந்து, அங்கே திறந்தாள், இங்கே திறந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"மச்சான், என் பாடத்திட்டம் எங்க?"

பெக்டரி கதையைச் சொன்னேன். அழுவாள் என்று பயந்தேன். அழவில்லை.

"பெக்டரிக்குப் போன கொழுந்து திரும்பி வந்து செடியில ஒட்டுமா மச்சான்?"

மாமா இருமினார். "தேத்தண்ணி ஆறுது தம்பி, குடிங்க" என்றார்.

தம்பி. அதுவும் 'குடிங்க'. பாடத்திட்டத்தோடு சேர்ந்து என் முறையும் அழிந்துபோயிருந்தது. அதற்கு எந்தக் கம்பனியும் சீடி கொடுப்பதில்லை.

"எல்லாம் என் மனசுல இருக்கு. நான் சொல்லச் சொல்ல நீங்க அடிங்க. முடியிற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது" என்றாள் தேவிகா. உட்கார்ந்தேன். முதல் வரியை அடித்தால் வரிசையாகச் சதுரக் கட்டங்கள் வந்தன. லெப்டொப் தமிழையும் மறந்திருந்தது.

மறுநாள் முதல் பஸ்ஸில் பண்டாரவளைக்குப் போய், போட்டோகொப்பி போடும் கம்யூனிகேஷன் கடை முதலாளி நானாவிடம் தமிழ் எழுத்துரு கேட்டேன். பென் டிரைவில் ஏற்றிக்கொண்டே, "எந்த மடையன் தம்பி எல்லாத்தயும் அழிச்சது?" என்றார். என் கூட்டாளி ஒருவன் என்றேன். அவனோடு சேர வேண்டாம் என்று புத்தி சொல்லி அனுப்பினார்.

அன்று முழுக்க அவள் சொன்னாள், நான் இரண்டே விரலால் அடித்தேன். 'ழ' இருக்கும் இடம் எனக்கு மட்டும் மாறிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு வரிக்கும் சேவ் பண்ணச் சொன்னாள். பண்ணினேனா என்று எட்டிப் பார்த்தாள். சோறும் பக்கத்திலேயே வந்தது. விளக்கு வைக்கும் நேரத்தில் கடைசி வரிக்குப் புள்ளி வைத்தேன். மாமா வாசலில் நின்று, "முடிஞ்சுதா மாப்ள?" என்றார். அந்த ஒரு சொல்லை மட்டும் சேவ் பண்ண வழி தெரியவில்லை.

தேவிகா பயிற்சியில் தேறினாள். லுணுகலைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் டீச்சர். குடியிருப்பது என் வீட்டில். லெப்டொப் போய் போன் வந்துவிட்டது. யாருடைய போனாவது மக்கர் பண்ணி நான் கையில் எடுத்தால் போதும், எங்கள் மகள் அடுப்படிப் பக்கம் குரல் கொடுப்பாள்: "அம்மா, அப்பா பெக்டரி வேலைக்குக் கெளம்பிட்டாரு." தேவிகா மாவுக் கையோடு ஓடிவந்து பிடுங்கிக்கொள்வாள்.

அனுப்பச் சொன்னவர் தாம்தான் என்பதை மாமா இன்றுவரை ஒப்புக்கொண்டதில்லை. மகள் அப்படிக் குரல் கொடுக்கும் நேரத்தில் எங்கள் வீட்டில் இருந்தால், எழுந்து தூரமாகப் போய் உட்காருவார். அன்று பொழுது சாயும்வரை நான் அவருக்குத் தம்பி.