எங்கே என்று கேட்காத நாடு

பெருங்கடலுக்கு இந்தப் பக்கம், யார் படையெடுத்து வந்தாலும் பாதி வழியில் சோறு தீர்ந்து திரும்பிவிட வேண்டிய தூரத்தில், வெண்கரை என்றொரு நாடு இருந்தது. அந்நாட்டு மக்கள் தங்கள் அரசரைத் தாங்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். தேர்ந்தெடுத்த மறுநாளிலிருந்து அவர் முன்னால் கைகட்டி நின்றார்கள்.

அவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வெளியே கிளம்புகிறவரைப் பார்த்து ‘எங்கே போகிறாய்?’ என்று கேட்கவே மாட்டார்கள். கேட்டால் போகிற காரியம் விளங்காது. வாய் தவறி யாராவது கேட்டுவிட்டால், கிளம்பியவர் அந்த இடத்திலேயே உட்கார்ந்து, ஒரு செம்புத் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி புறப்பட வேண்டும். ஆண்டியானாலும் அரசரானாலும் இதில் விலக்குக் கிடையாது.

துறைமுகத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த காத்தாயிக்கு இந்தப் பழக்கம் நன்றாகப் படிந்திருந்தது. அவள் புருஷன் சொக்கன் படகுகளின் ஓட்டையை அடைக்கிறவன். காலையில் அவன் கிளம்பும்போது, “பார்த்துப் போயிட்டு வாங்க” என்பாள். அதற்கு மேல் ஒரு சொல் கேட்கமாட்டாள். இரண்டு பேரும் ஒருவர்மேல் ஒருவர் உயிராக இருந்தார்கள். அதைச் சொல்லிக்கொள்ள இருவருக்குமே வெட்கம்.

கடலுக்கு அந்தப் பக்கம் நீலக்கொடி நாட்டுக்கும் மஞ்சள்கொடி நாட்டுக்கும் சண்டை மூண்டிருந்தது. எதற்காக என்பது அவர்களுக்கே மறந்து போயிருந்தது. வெண்கரை யார் பக்கமும் சேராமல் இரண்டு பேருக்கும் கருவாடு விற்றது. ‘நம்மைப் போரிலிருந்து காத்த மன்னர்’ என்று சுவரெல்லாம் எழுதி, மன்னர் பரிபூரணர் மறுபடியும் தேர்தலில் ஜெயித்தார். காத்தாயியும் நன்றியோடு அவருக்கே ஓட்டுப் போட்டாள். சுவரில் எழுத்துக் காய்வதற்குள், நீலக்கொடிக்காரருக்குக் கருவாடு ஏற்றிப் போன கப்பலை மஞ்சள்கொடிக்காரர்கள் மூழ்கடித்துவிட்டார்கள்.

பேரமைச்சர் குணசிங்கர் சபையில் எழுந்தார். “மூழ்கியது கருவாடு அல்ல, நம் மானம்” என்றார். “உலகத்தில் இனி போரே இல்லாமல் செய்வதற்காக நாம் ஒரே ஒரு போருக்குப் புறப்படுகிறோம். புறப்படும் நேரத்தில் எங்கே, எதற்கு, எதுவரைக்கும் என்று கேட்பது நம் மரபா?”

மரபு இல்லைதான். சபையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அபசகுனம் பிடித்தவன் என்ற பெயர் எடுக்க யாருக்கு மனசு வரும்? போர் ஏகமனதாக நிறைவேறியது.

அதன் பிறகு அரசாணைகள் வந்தன. மஞ்சள் எதிரியின் கொடி நிறம் என்பதால் எந்த வீட்டு அடுப்படியிலும் மஞ்சள்தூள் இருக்கக்கூடாது என்றது முதல் ஆணை. காத்தாயி கடைக் குழம்பு வெளிறிப் போய்க் கஞ்சித் தண்ணீராக நின்றது. கல்யாண வீடுகளில் தாலிக்கயிற்றுக்கு நீலச் சாயம் போட்டார்கள்; பெண்களின் கழுத்தெல்லாம் அரிப்பு. அடுத்து, அரிசி முழுவதும் படைக்கே என்று ஆணை வந்தது. பட்டினி கிடப்பவர்கள் அதை மகிழ்ச்சியோடு கிடக்க வேண்டும் என்று அதன் கீழேயே ஒரு திருத்தம். சாப்பாட்டுக் கடைகளுக்கு அரசாங்கமே பேச்சாளர்களை அனுப்பியது. ஒரு டம்ளர் காபி ஆறுகிற நேரம் அவர்கள் போரின் பெருமையைப் பேசுவார்கள். அதன்பின் காபிக்கும் பஞ்சம் வந்துவிட்டதால், எப்போது நிறுத்துவது என்று தெரியாமல் பேசிக்கொண்டே இருந்தார்கள்.

கடைசியில் கோவில் முன் ஒரு குடத்தை வைத்து, ஆண்களின் பெயரெழுதிய ஓலைகளைப் போட்டுக் குலுக்கினார்கள். சொக்கனின் பெயர் வந்தது.

கப்பலேறும் அன்று அவன் காத்தாயி முன்னால் வந்து நின்றான். “போயிட்டு வரேன் புள்ள.”

அவளுக்குத் தொண்டை வரைக்கும் ஒரு கேள்வி வந்தது. அதைக் கேட்டால் அவனுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயத்தில் அப்படியே விழுங்கினாள். “பார்த்துப் போயிட்டு வாங்க” என்றாள். துறையில் நின்ற அத்தனை பெண்களும் அதையே சொன்னார்கள். அத்தனை அன்பான வாய்களில் ஒன்றுகூட, எங்கே என்று கேட்கவில்லை.

அடுத்த மழைக்காலம் முடிந்தபோது போரும் முடிந்தது. போன கப்பல்களில் பல வரவில்லை. வந்த ஒன்றிலிருந்து சொக்கன் இறங்கினான். இடது காது கேட்கவில்லை, ஆள் பாதியாக இளைத்திருந்தான். காத்தாயி ஊர் பார்க்கிறது என்ற கூச்சமில்லாமல் அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். அன்றைக்கு அவள் கும்பிடாத சாமி இல்லை.

சாப்பிட்டு முடித்தபின் சொக்கன் சொன்னான்.

“ஒரு ஊரைப் புடிக்கப் போனோம் புள்ள. வரிசையில நாந்தான் கடைசி. வழியில கிணத்தடியில ஒரு பொம்பள தண்ணி இறைச்சிக்கிட்டிருந்தா. மஞ்சக்கொடிக்காரங்க ஊரு, அவ பாஷை நமக்கென்ன தெரியும்? என்னைப் பார்த்து ரெண்டு கையையும் விரிச்சு, தலைய ஆட்டிக் கேட்டா.”

“என்ன கேட்டா?”

“எங்கேப்பா போறேன்னு.”

காத்தாயிக்குப் பகீர் என்றது. “கிளம்பிப் போறவனையா கேட்டா?”

“அவங்க ஊரில அது தப்பில்ல போல. நமக்குத் தப்பாச்சே. கேட்டப்புறம் உக்காராம எப்படிப் போறது? கிணத்துச் சுவத்துல உக்காந்தேன். அவளே தண்ணியும் குடுத்தா. எங்க போறேன்னு யோசிச்சுப் பார்க்கிறேன், எனக்கே தெரியல. நான் குடிச்சு முடிக்கல, முன்னால போனவங்க மேல குண்டு விழுந்திருச்சு. ஒருத்தன் மிஞ்சல.”

காத்தாயி எழுந்து வாசலுக்கு வந்தாள். பிறகு கிழக்கே, கடல் பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டாள். “எந்த மகராசியோ, அவ குடும்பம் நல்லா இருக்கணும்” என்றாள். எதிரிக்கு நன்றி சொல்வது ராஜத்துரோகம் என்று அப்போது ஒரு சட்டம் இருந்தது. அவளுக்கு அது தெரியும். தெரிந்தேதான் கும்பிட்டாள்.

அரசாங்கத்துக்கும் நன்றியில் நம்பிக்கை இருந்தது. மக்கள் அனைவரும் மன்னருக்கு நன்றி சொல்லும் திருநாள் என்று ஒரு நாளை அறிவித்தார்கள். அதே மேடையில், மக்களின் நன்றியால் மனம் நெகிழ்ந்த மன்னர் இரண்டாவது போருக்குப் புறப்படப் போகிறார் என்றும் அறிவித்தார்கள். தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்ததால் இந்த முறை முதல் கப்பலில் மன்னரே ஏறுவார். துறைமுக வாய் தாண்டியதும் படகில் திரும்பிவிடுவார். போர் பழகியவர்கள் என்பதால், உயிரோடு வந்தவர்கள்தான் முதலில் போக வேண்டும். இந்தத் தடவை குடம்கூட வைக்கவில்லை.

புறப்படும் நாளும் வந்தது. மேளம் முழங்கியது. சொக்கன் வரிசையில் நின்றான், கேட்கிற காதைக் கூட்டத்தின் பக்கம் திருப்பியபடி. மன்னர் பரிபூரணர் கப்பலின் ஏறுபலகையில் வலது காலைத் தூக்கி வைத்தார்.

காத்தாயி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.  

“மகாராசா, எங்க கிளம்பிட்டீங்க?”

மேளம் நின்றுவிட்டது. தூக்கிய கால் பலகையில் படாமல் தொங்கியது.

“யாரது?” என்றார் குணசிங்கர்.

“நாந்தான் சாமி, சாப்பாட்டுக் கடை காத்தாயி. ராசா எங்க போறாருன்னு கேட்டேன்.”

அவளைச் சிறையில் போடச் சட்டத்தில் இடம் இருக்கிறதா என்று குணசிங்கர் யோசித்தார். அப்படிக் கேட்பார்கள் என்று யாரும் நினைத்துக்கூடப் பார்த்திராததால், அதற்கு எதிராகச் சட்டமே போட்டிருக்கவில்லை. மரபு மட்டும் இருந்தது. மரபுப்படி மன்னருக்கு நாற்காலி வந்தது. மன்னர் உட்கார்ந்தார். செம்பில் தண்ணீர் வந்தது. குடித்தார்.

குடித்தபடியே குரலைத் தாழ்த்தி, “ஆமாம், எங்கே போகிறோம்?” என்று கேட்டார்.

“தளபதி அறிவார், மன்னா” என்றார் குணசிங்கர்.

“அமைச்சர் சொல்வார் என்றிருந்தேன்” என்றார் தளபதி.

மன்னர் எழுந்து மறுபடி காலைத் தூக்கினார். இந்த முறை மகனைப் போன போரில் பறிகொடுத்த மீன்காரி ஒருத்தி கேட்டாள்: “எங்க ராசா?” நாற்காலி வந்தது, தண்ணீர் வந்தது. பிறகு உப்பளத்து ஆட்கள் கேட்டார்கள். கொட்டு அடிப்பவன் கேட்டான். வரிசையிலிருந்த சிப்பாய்களே ஒவ்வொருவராகக் கேட்டார்கள். யாரும் கத்தவில்லை, கல்லெறியவில்லை. கல்யாணத்துக்கு வந்தவரை விசாரிப்பதுபோல மரியாதையாகத்தான் கேட்டார்கள். காத்தாயியின் கடையிலிருந்து பானை பானையாகத் தண்ணீர் போனது.

உச்சிவெயில் ஏறும்போது மன்னர் பரிபூரணரின் முகம் மாறிவிட்டது. அவர் பேரமைச்சரின் காதில் ஏதோ சொன்னார். பல்லக்கு அவசரமாக அரண்மனைக்குத் திரும்பியது. மறுநாளும் இதே கதைதான். அதற்கு அடுத்து காற்றுத் திசை மாறிவிட்டது. பாய்மரக் கப்பல் எதுவும் கிளம்புகிற காற்றில்லை. மஞ்சள்கொடி நாட்டாரும் இவர்களுக்காகக் காத்திருந்து அலுத்துப்போய், வயலில் நாற்று நடப் போய்விட்டார்கள்.

சொக்கன் வீட்டுக்கு வந்தான். காத்தாயி ஒளித்து வைத்திருந்த மஞ்சள்தூளை எடுத்து, நெடுநாளைக்குப் பிறகு நிறமாக ஒரு குழம்பு வைத்தாள். பரிமாறும்போது அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. “அந்தக் கிணத்தடிக்காரிக்கு ஒருநாள் இலை போட்டு இந்தக் குழம்ப ஊத்தணும்ங்க” என்றாள். சொக்கன் கேட்காத காதில் விழுந்ததுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவனும் அழுதுகொண்டிருந்தான்.

தேர்தல் வந்தது. சுவரெல்லாம் புதிதாகச் சுண்ணாம்பு அடித்து, ‘நம்மைப் போரிலிருந்து காத்த மன்னர்’ என்று எழுதினார்கள். இந்த முறை அதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது. மக்கள் நல்லவர்கள், நன்றி மறக்காதவர்கள். பரிபூரணர் பெரும்பான்மையோடு ஜெயித்தார்.

பதவியேற்ற மறுநாளே தண்டோரா போட்டார்கள். பொதுமக்களின் உடல்நலம் கருதி, இன்றுமுதல் துறைமுகத்தில் யாரும் குடிதண்ணீர் வைக்கக்கூடாது. குடிக்கத் தண்ணீர் இல்லாத இடத்தில் உட்காரும் மரபும் செல்லாது என்பது குணசிங்கர் கண்டுபிடித்த வழி.

காத்தாயி கைவேலையை நிறுத்திவிட்டு அதைக் கடைசிவரை கேட்டாள். பிறகு கிணற்றுக்குப் போய்த் தண்ணீர் சேந்தி வந்து, கடை வாசலில் இருந்த பானைக்குப் பக்கத்தில் இன்னொரு பானையை வைத்தாள்.