நிலாவில் ஒத்திகை

“இன்னிக்கு இந்த வீட்ல யாரும் செவ்வாய்னு வாயத் தெறக்கக்கூடாது” என்று எத்திராஜ் காலையிலேயே உத்தரவு போட்டிருந்தார். திருப்பதியிலிருந்து சித்தூருக்குப் பெண் பார்க்க வந்த நாகபூஷணம், சோபாவில் உட்கார்ந்ததும் சொன்ன முதல் வார்த்தையே அதுதான்.

“செவ்வாய்க்கு ஆள அனுப்பறதுதாங்க எம் புள்ள வேல.”

எத்திராஜின் கையிலிருந்த காபி வேட்டியில் கொட்டியது. மகள் தரணிக்குச் செவ்வாய் தோஷம். வந்த வரனெல்லாம் ஜாதகத்தைப் பார்த்ததும் பஸ் ஏறிவிட்டது. “இதுவும் தட்டிப்போனா இனிமே யார் முன்னாடியும் வந்து நிக்கமாட்டேன் நைனா” என்று அவள் தீர்மானமாகச் சொல்லியிருந்தாள். மாம்பழக் கூழ் கம்பெனி சூப்பர்வைசரான எத்திராஜ், பழைய டின்னுக்குப் புது லேபிள் ஒட்டுவதுபோல, ஜாதகத்தையே மாற்றி எழுதிக் கொடுத்திருந்தார்.

மாப்பிள்ளை சாய்குமார் அமெரிக்காவில் ராக்கெட் இன்ஜினியர். குனிந்த தலை நிமிராமல் போனை நோண்டிக்கொண்டிருந்தான்.

“மொதல்ல நிலாவுல எறக்கி ஒத்திக பாத்துட்டு, அப்புறம்தான் செவ்வாய்” என்றார் நாகபூஷணம்.

பேச்சை நிலாவோடு நிறுத்திவிட எத்திராஜ் முயன்றார். “நிலாவுக்குத்தான் அப்பவே போய்ட்டு வந்துட்டாங்களே. மறுபடி எதுக்கு?”

“மொத தபா போனது தங்கல. இந்த தபா நெலச்சி நிக்கணும்” என்ற நாகபூஷணம், ஏனோ துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

சமையலறையிலிருந்த எத்திராஜின் மனைவி தாட்சாயணியின் காதில் செவ்வாய் மட்டும் விழுந்தது. குட்டு உடைந்துவிட்டதென்று பதறி ஓடிவந்தாள்.

“அது சின்ன தோஷம்தாண்ணா. ஜோசியரு பரிகாரம் சொல்லிக்கீறாரு.”

“செவ்வாக்கெழமைய சொல்றா” என்று எத்திராஜ் சமாளித்தார்.

“கெழமைக்கு ஏதுங்க பரிகாரம்?” என்றார் நாகபூஷணம்.

சாய்குமார் அப்போதுதான் தலைநிமிர்ந்தான். “ஏழாம் எடமா, எட்டாம் எடமா?”

செவ்வாயில் ஆளை இறக்கப் புறப்பட்டவனுக்கு, அது ஜாதகத்தில் இறங்கியதும் வியர்த்துவிட்டது. நல்ல படிப்பு.

இனி மறைத்துப் பயனில்லை என்று எத்திராஜ் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். “பொண்ண மொதல்ல வாழமரத்துக்குக் கட்டிவெச்சி, மரத்த வெட்டிட்டா தோஷம் தீந்துது. நீங்க நிலாவுல பாக்கற மாதிரி ஒரு ஒத்திக, அவ்ளோதான் தம்பி.”

அதுவரை போண்டாவிலேயே கண்ணாக இருந்த நாகபூஷணத்தின் அக்கா சென்னம்மா, வாயைத் துடைத்துக்கொண்டு தம்பியைப் பார்த்தாள்.

“அது நாயந்தானே பூஷணம்? நம்ம சாயியும் அமெரிக்காவுல ஒத்திகய முடிச்சி, அந்தப் பொண்ண கோர்ட்டுல தீத்துவுட்டுத்தானே வந்துக்கீறான்.”