ஒரு துண்டு கொடுக்கப் போனேன்

என் மீது வாழ்க்கையில் ஒரே ஒரு முறை திருட்டுப் பழி விழுந்திருக்கிறது. அறுபது பிள்ளைகள் உட்கார்ந்திருந்த சாப்பாட்டுக் கூடத்தில், கையில் மீன் குழம்புக் கரண்டியோடு நான் நின்றிருந்தபோது. பழி சுமத்தியது வேறு யாருமில்லை, நான் பெற்ற மகள். (அவள் மேல் தப்பில்லை. அந்த நேரத்தில் என்னைப் பார்த்திருந்தால் நீங்களும் அதைத்தான் சொல்லியிருப்பீர்கள்.)

அப்போது நாங்கள் ஆவடியில் தொழிற்சாலைக் குடியிருப்பில் இருந்தோம். என் கணவர் ஜெபராஜுக்கு அங்கேதான் வேலை. மூத்தவன் ஆல்வினுக்குப் பதினைந்து வயது, இளையவள் ஜெனிட்டாவுக்குப் பன்னிரண்டு. நான் எப்படிப்பட்ட அம்மா என்று கேட்டால், மீசை அரும்பிவிட்ட பையனுக்குத் தட்டில் மீனை வைத்து முள் எடுத்துக் கொடுக்கிற அம்மா. ஜெனிட்டாவின் தண்ணீர் பாட்டில் மூடியை நானே ஒருமுறை திறந்து மூடி, “இறுக்கமா இல்ல, நீயே திறந்துரலாம்” என்று தைரியம் சொல்லி அனுப்புவேன். இரண்டு பேருடைய சட்டை, துண்டு, குடை, சாப்பாட்டுப் பை எல்லாவற்றிலும் சிவப்பு நூலால் பெயரும் வகுப்பும் தைத்திருப்பேன். குடியிருப்பில் மற்றவர்கள் வீட்டுக் கொடியில் துணி காயும். எங்கள் வீட்டுக் கொடியில் பள்ளிக்கூட வருகைப் பதிவேடே காயும்.

அந்த மே மாதம் எங்கள் சபையில் மூன்று நாள் சிறுவர் முகாம் அறிவித்தார்கள். திருவேற்காட்டைத் தாண்டி ஒரு மாந்தோப்புக்குள் இருக்கும் தியான இல்லத்தில் தங்க வேண்டும். கைபேசி கூடாது. பெற்றோர் வரக் கூடாது. இந்த இரண்டாவது விதியை வாசிக்கும்போது, முகாமை நடத்திய சாம் தம்பி (வயது இருபத்தைந்து இருக்கும், கிதார் இல்லாமல் பார்க்கவே முடியாது) என்னை மட்டும் பார்த்ததாகப் பட்டது.

“அதெல்லாம் முடியாது” என்றேன் வீட்டுக்கு வந்ததும்.

“எஸ்தர், ஷேர் ஆட்டோ போற தூரம். நீ என்னமோ அந்தமானுக்கு அனுப்புற மாதிரி பேசுற” என்றார் ஜெபராஜ்.

ஜெனிட்டா வேறு விதமாகப் பேசினாள். “மூணே மூணு நாள்மா. நீங்க வரவும் கூடாது, யாரையும் அனுப்பிப் பார்க்கவும் கூடாது. ப்ராமிஸ் பண்ணுங்க.”

செய்து கொடுத்தேன். அவள் கையில் அடித்துத்தான் செய்து கொடுத்தேன்.

காலை ஏழு மணிக்குச் சபையின் வேன் கிளம்பியது. ஒன்பது மணி வரை நன்றாகவே இருந்தேன். (எட்டரைக்கு அழுதேன். அதைச் சேர்க்கவில்லை.) பிறகு முழங்காலில் நின்று, “ஆண்டவரே, நான் போக வேண்டாமென்றால் மனதுக்குச் சமாதானம் தாரும். போக வேண்டுமென்றால் ஒரு அடையாளம் காட்டும்” என்று ஜெபித்துவிட்டு, சமாதானத்துக்கு அரை நிமிடம்கூட அவகாசம் கொடுக்காமல் எழுந்து அடையாளத்தைத் தேட ஆரம்பித்தேன். தேடினால் கிடைக்காமல் இருக்குமா? பின்பக்கக் கொடியில் ஜெனிட்டாவின் மஞ்சள் துண்டு தொங்கிக்கொண்டிருந்தது.

வாசல் காவலாளியிடம் துண்டைக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவது, உள்ளே எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. இதுதான் திட்டம். ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் இருந்த அம்மாவிடமும் இதைச் சொன்னேன். அவர், “நான் ஒண்ணும் கேக்கலியேம்மா” என்றார்.

தியான இல்லத்துக் கேட்டில் நான் வாயைத் திறப்பதற்குள் காவலாளியே பேசினார். “சமையலுக்கு வந்த ஆளா? காலைலேர்ந்து உன்னத்தான் தேடிக்கினு கீறாங்க. பின்னாடி போம்மா, சீக்கிரம்!”

நான் பொய் சொல்லவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. என் கால்கள் பின்பக்கம் போயின, அவ்வளவுதான்.

சமையலறையில் கன்னியம்மா என்றொரு அக்கா அடுப்பின் முன்னால் நின்றிருந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“இன்னாமே, இப்பத்தான் வர்றியா? மணி பதினொண்ணு ஆவுது. குந்து. அந்த மூட்டைய உரி.”

மூட்டை என்பது வெங்காயம். வீட்டில் நான்கு வெங்காயத்துக்கு மேல் ஒருநாளும் உரித்திராதவள், ‘ஐந்து நிமிடத்தில் பிள்ளைகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஓடிவிடலாம்’ என்று உட்கார்ந்தேன். ஜன்னல் வழியாகத் தோப்பு தெரிந்தது. பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றி விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஜெனிட்டா தலை முதல் கால் வரை நனைந்து, சிரித்துக்கொண்டே, “என் டவலை யாரு எடுத்தது? பையிலதானே வெச்சேன்!” என்று ஒவ்வொருவரிடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். துண்டு என் மடியில் இருந்தது. அடுத்த கணம் அவள் பார்வை ஜன்னல் பக்கம் திரும்பவே, பதறிப்போய் அந்தத் துண்டையே எடுத்துத் தலையைச் சுற்றி, முகத்தில் கண் மட்டும் தெரிகிற மாதிரி கட்டிக்கொண்டேன்.

“கண்ணு எரியுதா? பழகிடும்” என்றார் கன்னியம்மா.

மூட்டை முடிந்ததும் ஓடியிருக்கலாம். ஆனால் பரிமாற வர வேண்டியவரும் நான்தானாம். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் கடல் மீன் கிடைக்காமல், அன்று கட்லா மீன் குழம்பு. உடம்பெல்லாம் முள்ளாக இருக்கிற மீன். நான் கரண்டியோடு நிற்க, வரிசை நகர்ந்தது. எட்டாவது ஆளாக ஆல்வின் தட்டை நீட்டினான்.

மீனை வைத்தேன். வைத்ததோடு விட்டிருக்க வேண்டும். என் கை என்னைக் கேட்கவில்லை. அவன் தட்டில் இருந்த துண்டத்தைப் பிய்த்து, இரண்டு விரலால் வருடி, முள்ளை எடுத்து ஓரமாக வைக்க ஆரம்பித்தது. ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவது முள்ளில்தான் எனக்கே உறைத்தது. நிமிர்ந்தேன். ஆல்வினின் இரண்டு காதும் சிவந்திருந்தன. என் கண்ணைப் பார்த்தான், நெற்றியைப் பார்த்தான்.

“போதும்... அக்கா” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டான்.

(பெற்ற பிள்ளை என்னை அக்கா என்று கூப்பிட்டதற்கு நான் அழாத ஒரே காரணம், வெங்காயத்தில் கண்ணீரெல்லாம் தீர்ந்திருந்ததுதான்.)

அவனுக்குப் பின்னால் இருந்த பையன், “அக்கா, எனக்கும் முள் எடுத்துக் குடுங்கக்கா” என்றான். அடுத்தவனும் கேட்டான். அறுபது தட்டும் நின்றுபோயின. ஏன் வரிசை நகரவில்லை என்று பார்க்க முன்னால் வந்தவள் ஜெனிட்டா.

“சாம் அண்ணா! இந்த அக்கா தலையில கட்டியிருக்கறது என் டவல்! என் டவலை எடுத்துட்டாங்க!”

சாம் தம்பி தயங்கித் தயங்கி வந்தான். “தப்பா எடுத்துக்காதீங்க அக்கா. அந்தத் துண்டு உங்களுதா?”

தலையை ஆட்டினேன், ஆமாம் என்றும் இல்லை என்றும் அர்த்தம் கொள்கிற மாதிரி.

“இல்லக்கா... உங்க நெத்தியிலேயே எழுதியிருக்கு. ஜெனிட்டா, ஏழு பி.”

ஒளிந்துகொள்ள நான் கட்டியிருந்த முகமூடியில், என் கையாலேயே, எட்ட இருந்து பார்த்தாலும் தெரிகிற பெரிய எழுத்தில் அவள் பெயரைத் தைத்திருந்தேன்.

அதற்குள் கன்னியம்மா அக்கா உள்ளேயிருந்து வந்துவிட்டார். “இன்னாப்பா பேசறே? என் கூட வேலை செய்யறவ திருடியா? இத்தினி வருசமா இங்க ஆக்கிப் போடறேன், ஒரு டம்ளர் காணாப் போயிருக்குமா? இவ எடுத்துருக்க மாட்டா, நான் சொல்றேன். நீ சொல்லேம்மே! வாயத் தொற!”

அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. என்னைத் தெரிந்து இரண்டு மணி நேரம்கூட ஆகாத ஒருத்தி எனக்காக வழக்காடுகிறாள். நானோ பெற்ற பிள்ளைகளை ஒரு காலை நேரம்கூட நம்பாமல் வேவு பார்க்க வந்திருக்கிறேன். துண்டை அவிழ்த்தேன்.

“மன்னிச்சிருங்க. துண்டு ஜெனிட்டாவோடதுதான். கொடியில மறந்துட்டுப் போயிட்டா. நான்... ஜெனிட்டாவோட அம்மா.”

எங்கோ ஒரு பொடியன் ‘களுக்’ என்றான். அதன்பிறகு கூரை இடிந்து விழாததுதான் ஆச்சரியம். சாம் தம்பி கிதாருக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டான். ஜெனிட்டா மட்டும் சிரிக்கவில்லை. தட்டை வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள்.

மாமரத்தடியில் நின்றிருந்தாள். அழுதிருந்தாள்.

“துண்டு இல்லாட்டி நான் என்னம்மா ஆயிடுவேன்? பிரெண்டு கிட்டக் கேட்டு வாங்கித் துடைச்சுக்கிட்டேன். அவ்வளவுதான். நீங்க ப்ராமிஸ் பண்ணீங்க.”

“பண்ணேன்மா.”

“என்மேல உங்களுக்கு நம்பிக்கையே இல்லையா?”

அவள் மேல் நம்பிக்கை இருந்தது. நான் இல்லாமலும் அவளுக்கு எல்லாம் நடக்கும் என்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. இதைப் பன்னிரண்டு வயதுப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது? “தப்பு என்னோடதுதான். இப்பவே கிளம்புறேன்” என்றேன்.

பின்னாலிருந்து கன்னியம்மாவின் குரல் வந்தது. “எங்க கெளம்புற? வர வேண்டியவ பிள்ளைக்குக் காய்ச்சலாம், வரலன்னு இப்பத்தான் சொல்லி அனுப்பிச்சா. சாயங்காலத்துக்கு முந்நூறு சப்பாத்தி யாரு உருட்டறது? பாப்பா, உங்கம்மாவ நான் வெச்சுக்கறேன். உங்கிட்ட வராம பாத்துக்கறேன், சரியா?”

ஜெனிட்டா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “கிச்சன் வாசப்படியத் தாண்டக் கூடாது” என்றாள்.

அன்று மாலை வீடு திரும்பியதும் ஜெபராஜ் மூக்கை உறிஞ்சினார். “என்ன எஸ்தர், வெங்காய வாடை? பிரியாணியா?”

“எனக்கு வேலை கிடைச்சிருக்குங்க” என்றேன். முழுக் கதையையும் சொல்லி முடித்தபோது மனிதர் தரையில் உட்கார்ந்திருந்தார். சிரிப்பில் நிற்க முடியவில்லையாம்.

மூன்று நாளும் காலையில் போய் மாலையில் திரும்பினேன். இரண்டாம் நாள் ஓட்டப்பந்தயத்தில் ஜெனிட்டா விழுந்து முழங்கால் சிராய்த்துக்கொண்டாள். மஞ்சள்தூள் டப்பாவோடு நான் எழுந்த வேகத்தில் சப்பாத்திப் பலகை கவிழ்ந்தது. கன்னியம்மா என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். “குந்துமே. பாரு.” பார்த்தேன். ஜெனிட்டா குழாயடிக்கு நொண்டிக்கொண்டே போய்க் காலைக் கழுவினாள், ஊதிக்கொண்டாள், சாம் தம்பியிடம் மருந்து வாங்கித் தானே பூசிக்கொண்டாள். திரும்ப ஓடப் போய்விட்டாள். மொத்தம் மூன்று நிமிடம் ஆகியிருக்கும். எனக்கு மட்டும்தான் அது மூன்று மணி நேரம். கடைசி நாள் மீண்டும் மீன் வைத்தார்கள். ஆல்வின் ஒரு மூலையில் உட்கார்ந்து தானே முள் எடுத்துச் சாப்பிட்டான். பாதி மீனை முள்ளோடு சேர்த்து ஒதுக்கியிருந்தான். ஆனாலும் சாப்பிட்டான்.

ஆல்வின் இப்போது புனேயில் வேலை பார்க்கிறான். ஜெனிட்டா வேலூரில் நர்சிங் படிக்கிறாள். இரண்டு பேரும் அந்த முகாமுக்குப் போவதை நிறுத்திப் பல வருடங்கள் ஆகின்றன. நான்தான் நிறுத்தவில்லை. ஒவ்வொரு மே மாதமும் கன்னியம்மா அக்காவிடமிருந்து அழைப்பு வந்துவிடும்: “இன்னாமே, வர்ற இல்ல?”

சிவப்பு நூல் தையலை அன்றோடு விட்டுவிட்டேன். வீட்டில் உள்ளவர்கள்தான் அந்தத் துண்டை விட மாட்டேன் என்கிறார்கள். சார்ஜர், கண்ணாடி, கேஸ் புத்தகம், எது காணாமல் போனாலும் எங்கள் வீட்டில் யாரும் தேடுவதில்லை. “மொதல்ல அம்மா தலையில இருக்கா பாரு” என்பார்கள்.

போன மே மாதம் நான் முகாமில் குருமாவுக்குத் தேங்காய் அரைத்துக்கொண்டிருக்கும்போது ஜெனிட்டாவிடமிருந்து போன் வந்தது. சொல்லாமல் கொள்ளாமல் லீவில் வந்து வீட்டு வாசலில் நிற்கிறாளாம்.

“அம்மா, சாவி எங்க?”

“அப்பாகிட்டதான் இருக்கும். தொழிற்சாலை கேட்டுல போய் வாங்கிக்கோ. அரிசி டப்பாவுல இருக்கு, குழம்பு நீயே ஏதாவது வெச்சுக்கோ. இங்க எழுபது பேரு, நான் சாயங்காலம்தான் வருவேன்” என்று சொல்லி வைக்கப் போனேன். எனக்கே என் குரல் ஆச்சரியமாக இருந்தது.

“இருங்க, இருங்க. அப்பாவுக்குப் போன் பண்ணிட்டேன், அவர்கிட்ட இல்லையாம். எதுக்கும் உங்க தலையைத் தொட்டுப் பாருங்க.”

தேங்காய்க் கையோடு தொட்டுப் பார்த்தேன். சாவி அங்கே இல்லை. இடுப்பில் இருந்தது.