அத்தைக்குப் பிடித்த ரூலெட்

இரண்டு மொழி தெரிந்தவர்கள் எல்லாரும் கொஞ்சம் பொய் சொல்கிறவர்கள். இவர் சொன்னதை அவருக்கும் அவர் சொன்னதை இவருக்கும் மாற்றிச் சொல்லும்போது, போகிற வழியில் கொஞ்சம் சர்க்கரை சேர்ப்போம், கொஞ்சம் காரத்தைக் குறைப்போம். யார் வந்து சரிபார்க்கப் போகிறார்கள் என்ற தைரியம்தான். அந்தத் தைரியத்தில் நான் ஒருமுறை ஒரு முழு இன்டர்வியூவையே கவிழ்த்திருக்கிறேன். அதுவும் பெரிய திரையில், சப்டைட்டிலோடு.

மூன்று வருடங்களுக்கு முன்பு, நியூஜெர்சி எடிசனில் நாங்கள் குடியிருந்தபோது நடந்தது. இணையதளங்களும் ஆப்களும் சாதாரண மனிதர்கள் பயன்படுத்தச் சுலபமாக இருக்கின்றனவா என்று சோதிப்பது என் தொழில். யூசபிலிட்டி என்பார்கள். (என் அப்பாவிடம் இதை அரை மணி நேரம் விளக்கிவிட்டு, கடைசியில் "கம்ப்யூட்டர் வேலைப்பா" என்று முடித்துக்கொண்டேன்.) எங்கள் வீட்டில் விசா என் பெயரில் இருந்தது. கணவர் குமரன் என் விசாவைத் தொற்றிக்கொண்டு வேலை பார்த்தார். ஆகவே ஒரு திங்கட்கிழமை காலையில் ஆபீஸிலிருந்து வீடியோ அழைப்பில் கூப்பிட்டு என் வேலை போய்விட்டது என்று சொன்னபோது, இரண்டு பேருக்கும் சேர்த்து அறுபது நாள் கெடு விழுந்தது. அதற்குள் வேறு வேலை கிடைக்காவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

போதாததற்கு அப்போதுதான் கோபிச்செட்டிபாளையத்திலிருந்து என் மாமியார் முதல்முறையாக அமெரிக்கா வந்திருந்தார். அத்தை என்று கூப்பிடுவேன். "என்ற பையனே என்ற மருமவ பவி விசாவுலதான் இருக்கறான்" என்று தெரு முழுக்கப் பெருமையாகச் சொல்லிவிட்டு விமானம் ஏறியவர். (எங்கள் கொங்குப் பேச்சில் 'என்ற' என்றால் 'என்னுடைய'.) அவரிடம் போய் வேலை போச்சு என்று எந்த வாயால் சொல்வது? எங்களுக்குள் சண்டை எதுவும் கிடையாது. நெருக்கமும் கிடையாது. கல்யாணமாகி ஐந்து வருடத்தில் நாங்கள் அதிகம் பேசியது "சாப்ட்டியா கண்ணு", "சாப்ட்டேனுங்க அத்தை" என்ற இரண்டு வாக்கியங்களைத்தான்.

எனவே மறைத்தேன். குமரனிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டேன். தினமும் காலை எட்டு மணிக்கு லேப்டாப் பையை மாட்டிக்கொண்டு ஆபீஸ் கிளம்புவேன். ஆபீஸ் என்பது நான்கு தெரு தள்ளி இருந்த பொது நூலகம். அத்தை கட்டித் தரும் டிபன் பாக்ஸை அங்கே வாசலில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் களைத்த முகத்தோடு திரும்புவேன். சில நாள் இல்லாத மேனேஜரைத் திட்டிக்கொண்டே செருப்பைக் கழற்றுவேன். (அப்போது எனக்கு என் நடிப்பின் மேல் அபார நம்பிக்கை.)

நாற்பது நாள் தாண்டிய பிறகு, ஜெர்சி சிட்டியில் ஒரு டிசைன் நிறுவனத்தில் கடைசிச் சுற்று வரை போனேன். கடைசிச் சுற்றுக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தார்கள். மூன்று இணைய ரூலெட் தளங்கள். எண் போட்ட சக்கரம் சுழலும், ஒரு சின்னப் பந்து அதன்மேல் ஓடி ஓடி ஏதோ ஒரு எண்ணில் போய் உட்காரும், எந்த எண் என்று முன்கூட்டியே பந்தயம் கட்ட வேண்டும். எங்கள் மாநிலத்தில் இதை வீட்டுச் சோபாவிலேயே உட்கார்ந்து ஆட சட்டம் இடம் கொடுக்கிறது. இதற்குமுன் ஆடியே இராத ஒருவரை உட்காரவைத்து, மூன்று தளத்திலும் இலவசப் பழக்க ஆட்டம் ஆடச் சொல்லி, வீடியோ எடுத்து, எது பயன்படுத்தச் சுலபம் என்று தேர்ந்தெடுத்துச் சொல்ல வேண்டும். ஆடுகிறவர் எந்த மொழி பேசினாலும் பரவாயில்லை, வீடியோவுக்கு ஆங்கில சப்டைட்டில் போட்டால் போதும் என்றார்கள். எனக்கு அந்த வாக்கியம் மட்டும் தேனாக இனித்தது.

ஆளுக்கு எங்கே போவது? தோழிகளைக் கேட்டால் எதற்கு என்பார்கள். எதற்கு என்று சொன்னால் மத்தியானத்துக்குள் அபார்ட்மென்ட் வாட்ஸப் குழுவுக்கே என் வேலை போனது தெரிந்துவிடும். மிச்சம் இருந்தது அத்தை ஒருவர்தான். சனிக்கிழமை காலை குமரன் காய்கறி வாங்கப் போயிருந்தபோது, ஐபேடின் முன்பக்கக் கேமராவில் ரெக்கார்டிங்கை ஓடவிட்டு, அதைக் கொண்டுபோய் அத்தை முன்னால் வைத்தேன்.

அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு சக்கரத்தைப் பார்த்தார். "இது சூதாட்டந்தானே கண்ணு?"

"இல்லீங்க அத்தை. கணக்கு விளையாட்டு. ஆபீஸ்ல குழந்தைங்களுக்காகச் செய்யறது."

அத்தை சக்கரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். சேவல் சண்டைப் பந்தயத்தில் தன் பெரியப்பா தோட்டத்தையே தோற்றதைக் கண்ணால் பார்த்து வளர்ந்தவர். "செரி" என்றார்.

முதல் தளம் கருநீலமும் தங்கமுமாக ஜொலித்தது. அத்தை விரல் வைத்த இடமெல்லாம் ஏதாவது ஒன்று துள்ளி வந்தது. பரிசு, போனஸ், வாழ்த்து, வெடி. "இந்த எழவெடுத்தது எங்க தொட்டாலும் குதிக்குதே" என்றார். வெளியே வரச் சொன்னேன். வெளியேறும் பட்டனைத் தேடிக் கண்டுபிடித்து அழுத்தினால், நிஜமாகவே போகிறீர்களா என்று ஒரு பெட்டி வந்தது. அதையும் தாண்டினால், போகாமலிருந்தால் இன்னது தருகிறோம் என்று இன்னொன்று. "போறேன்னு ஒருக்கா சொன்னாப் பத்தாதா? வாசல்ல நின்னு முந்தானையப் புடிச்சு இழுக்குது. இதுல எவன் போயி வுழுவான்?" என்றார் அத்தை.

இரண்டாவது தளத்தில் எழுத்து எறும்பு அளவுக்கு இருந்தது. அத்தை ஐபேடை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய், பிறகு கை நீளத்துக்குத் தள்ளி, கடைசியில் என்னிடமே கொடுத்துவிட்டார். மூன்றாவது தளம் அழகே இல்லாதது. பச்சை மேஜை, ஒரு சக்கரம், கீழே நாலு பெரிய பட்டன். அத்தை தானாகவே சிவப்பில் காயை வைத்தார், சுழற்றினார், தோற்றார், வெளியேறும் பட்டனை ஒரே தட்டாகத் தட்டி வெளியே வந்தார். "இது ஒண்ணுதான் வூட்டுக்குப் போக வழி வெச்சிருக்குது. இதுவே இருக்கட்டும்" என்றார்.

அந்த நேரம் குக்கர் மூன்றாவது விசில் அடித்தது. நான் அடுப்பை அணைக்க ஓடினேன். திரும்பி வந்தபோது அத்தை போனில் ஊரிலிருந்த மாமாவோடு பேசி முடித்துக்கொண்டிருந்தார். ரெக்கார்டிங்கை நிறுத்திவிட்டு, இட்லி ஊற்றப் போனேன்.

அன்றைக்கு உட்கார்ந்து சப்டைட்டில் எழுதும்போதுதான் அந்த நிறுவனத்தின் இணையதளத்தை ஒழுங்காகப் படித்தேன். முதல் தளத்தை, அந்த முந்தானை இழுக்கும் தளத்தை, வடிவமைத்ததே அவர்கள்தான். வேலை கொடுக்கப் போகிறவர்கள் பெற்ற பிள்ளையை நான் எப்படிக் கறுப்பு என்று சொல்வேன்? "எங்க தொட்டாலும் குதிக்குதே" என்பதற்கு "தொட்டவுடன் துரிதமாக இயங்குகிறது" என்று ஆங்கிலத்தில் எழுதினேன். முந்தானை விஷயம் "வாடிக்கையாளரை அன்போடு வழியனுப்புகிறார்கள்" ஆயிற்று. "எவன் போயி வுழுவான்" என்பதை "இதன் இலக்கு வாடிக்கையாளர் யார் என்று யோசிக்கிறேன்" என்று எழுதியபோது, என்னை நானே மெச்சிக்கொண்டேன். கடைசியாக அத்தையின் வாக்கை மூன்றாவது தளத்திலிருந்து முதல் தளத்துக்கு மாற்றினேன். ஆட்டம் முடிந்த இடத்தோடு சப்டைட்டிலும் முடிந்தது. அதற்குப் பிறகு இருந்த வீடியோவை வெட்டவும் இல்லை, பார்க்கவும் இல்லை.

இன்டர்வியூ அறையில் மூன்று பேர். கிரெக் என்ற மேலாளர், டெனிஸ் என்ற பெண் ஆராய்ச்சியாளர், ஓரத்தில் கிராப்பு வெட்டிய தலையோடு கிறிஸ்டினா என்று ஒருவர். கிறிஸ்டினாவின் குடும்பப் பெயர் சுத்தமான அமெரிக்கப் பெயர். நிறம் எங்கள் ஊர் நிறமாகத்தான் இருந்தது. ஆனால் பெயரைக் கேட்டதும் எங்கேயோ கரீபியன் தீவுக்காரர் என்று முடிவு செய்துகொண்டேன். (என் ஆராய்ச்சித் திறமை அவ்வளவுதான்.)

வீடியோ ஓடியது. கிரெக் தன் தளத்துக்குக் கிடைத்த பாராட்டுகளைப் படித்துப் பூரித்தார். டெனிஸ் குறிப்பெடுத்தார். கிறிஸ்டினா மட்டும் வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தார். இருமல் என்று நினைத்தேன். ஆட்டம் முடிந்தது. நான் வெற்றிப் பெருமிதத்தோடு அவர்கள் பக்கம் திரும்பி முடிவுரையைத் தொடங்கினேன். பின்னால் திரையில் குக்கர் விசில் அடித்தது. அதன்பின் அத்தையின் குரல்.

"ஏனுங்க, சாப்டாச்சுங்களா? செரி, கேளுங்க. பவிக்கு வேலை போயிருச்சுங்க. ஆமா, ஒரு மாசத்துக்கு மேல இருக்கும். அவ எங்கீங்க சொல்றா? லைப்ரரியில போயி உக்காந்துக்கறா. நான் நடக்கப் போனப்ப கண்ணாடி வழியாப் பாத்தனுங்க. தலையப் புடிச்சுட்டு உக்காந்திருந்தா."

நான் திரும்பினேன். திரையில் அத்தையின் தாடையும், போன் பிடித்த கையும், எங்கள் வீட்டு மின்விசிறியும் தெரிந்தன. நிறுத்த வேண்டும் என்று தோன்றியது. கை போகவில்லை.

"கேக்கலீங்க. பெத்த புள்ளையா இருந்தாக் கையப் புடிச்சு உக்கார வெச்சுக் கேட்டிருவேன். மருமவகிட்ட எப்படிக் கேக்கறது? சங்கடப்படுவா. அவளாச் சொல்லட்டும்னு இருக்கறேன். இன்னிக்குச் சூதாட்டத்தக் கொண்டாந்து கணக்கு விளையாட்டுங்கறா. நானும் செரின்னு ஆடிட்டு உக்காந்திருக்கறேன். அவளுக்கு வேலை கெடைக்கும்னாச் சீட்டுக்கூட ஆடறனுங்க, போங்க. டப்பாவுல சோறு கொஞ்சம் சேத்தி வெச்சு வுடறேன். அங்க உக்காந்து திங்கறதுக்கு எடமிருக்கோ என்னமோ."

ஒரு மாதமாக டிபன் பாக்ஸ் கனத்துக்கொண்டே போனது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அத்தைக்கு அளவு தெரியவில்லை என்று குமரனிடம் அலுத்துக்கொண்டிருக்கிறேன். அந்தக் கண்ணாடி அறையில், கோட்டு போட்ட மூன்று பேர் முன்னால், நான் தேம்பித் தேம்பி அழுதேன். கிரெக் பதறிப்போய்த் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். தன் தளத்தில் ஏதோ பெரிய கோளாறு என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

கிறிஸ்டினா எழுந்து வந்து வீடியோவை நிறுத்தினார். என் பக்கத்தில் குனிந்து, மெதுவாகச் சொன்னார். "இதுக்கு சப்டைட்டில் எழுதலியா, மக்களே?"

நான் அழுகையை நிறுத்திவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தேன்.

"நான் நாரோயில்காரி" என்றார். (நாகர்கோவிலில் ஒற்றை ஆளையும் பாசமாக 'மக்களே' என்பார்கள்.) "முன்னால ஓடுனதும் கேட்டேன். அத்த சொன்னதும் நீங்க எழுதுனதும் ஒண்ணு இல்லியே."

பிறகு மற்ற இருவரிடமும் ஆங்கிலத்தில், "வீட்டு விஷயம். ஐந்து நிமிடம் கொடுங்கள். அதன்பின் அதே வீடியோவை முதலிலிருந்து போடுவார், இந்தமுறை சரியான வார்த்தைகளோடு" என்றார். சொல்லிவிட்டு என் கையில் காகிதக் கைக்குட்டையைத் திணித்தார்.

போட்டேன். இழக்க இனி ஒன்றுமில்லை. எழவெடுத்தது, முந்தானை, எவன் போய் விழுவான், எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் உள்ளபடி சொன்னேன். கிரெக்கின் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. டெனிஸ் மட்டும் முன்பைவிட வேகமாக எழுதினார். மூன்றாவது தளம்தான் என்று முடித்து, முதலில் பொய் எழுதியதற்கு மன்னிப்பும் கேட்டுவிட்டு, லேப்டாப்பை மூடக்கூட நிற்காமல் கிளம்பினேன். (அது அங்கேயே கிடந்தது. கிறிஸ்டினா லிப்ட் வரை கொண்டுவந்து கொடுத்தார்.)

மத்தியானம் இரண்டு மணிக்கு வீட்டுக் கதவைத் தட்டினேன். அத்தை திறந்தார். உள்ளே போகாமல் வாசலிலேயே நின்று, "அத்தை, எனக்கு வேலை போயிருச்சுங்க" என்றேன்.

அத்தை நெஞ்சில் கை வைத்தார். "அய்யோ கண்ணு, எப்ப?" என்றார். என்னைவிட மோசமான நடிகை.

"நீங்க மாமாகிட்டச் சொன்னதைக் கேட்டேனுங்க."

அத்தை கையை நெஞ்சிலிருந்து எடுத்தார். பிறகு என் தோளிலிருந்து பையைக் கழற்றி வாங்கி, "உள்ள வா. கை கழுவு" என்றார். அன்று ரசம் ஊற்றும்போது என் பக்கத்திலேயே உட்கார்ந்து முழுக் கதையையும் கேட்டார். ஐந்து வருடத்தில் நாங்கள் ஒருவரோடு ஒருவர் பேசிய முதல் நாள் அது.

மூன்றாம் நாள் கிறிஸ்டினா போன் செய்தார். "வேலை உங்களுக்குத்தான். டெனிஸ் ஒத்தக்கால்ல நின்னா. கிரெக்குக்கு இன்னும் கோவம் தீரல. ஒரு கண்டிஷன் மட்டும் உண்டு, சப்டைட்டில் நீங்க எழுதப்படாது." இன்றுவரை எழுதவில்லை. அந்த முதல் தளத்தில் இப்போது ஒரே தட்டில் வெளியே வரலாம்.

எங்கள் வீட்டில் அன்றிலிருந்து ரூலெட் என்பது ஒரு வினைச்சொல். நான் எதையாவது பூசி மெழுகினால், "ரூலெட் பண்ணாதே" என்பார் குமரன். கோபியிலிருந்து போனில் மாமாவும் அதையே சொல்கிறார்.

இந்த வருடம் அத்தை மறுபடியும் வந்தார். முழங்கால் வலி என்று கிளினிக் கூட்டிப் போனேன். நர்ஸ் அத்தையைப் பார்த்து, கூட வந்திருப்பவர் உங்களுக்கு என்ன உறவு என்று கேட்டார். நானே மருமகள் என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

"என்ன கேட்டாங்க?" என்றார் அத்தை.

"நான் உங்களுக்கு என்ன வேணும்னு கேட்டாங்க. மருமகள்னு சொன்னேனுங்க."

"என்னையக் கேட்டதுக்கு நீ எதுக்குச் சொல்ற?"

"செரிங்க, என்ன சொல்லோணும்?"

"என்ற பொண்ணுன்னு சொல்லு. ரூலெட் பண்ணாம அப்படியே சொல்லு."

அப்படியே சொன்னேன். நர்ஸ் கம்ப்யூட்டரில் திருத்திக்கொண்டார். கிளினிக்கிலிருந்து வரும் காகிதங்களில் இப்போது நான் மகள். தப்பாக இருக்கிறது, மாற்றச் சொல் என்கிறார் குமரன். நான் மாற்றச் சொல்லவில்லை.