கலவைக்குச் சராசரி போட்ட மருமான்

பெருமதிப்பிற்குரிய மச்சான் எத்திராஜ் அவர்களுக்கு, பாடியிலிருந்து ஹேமநாதன் வணக்கத்துடன் எழுதுவது. நலம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன், மனசு வரவில்லை. போனில் சொன்னால் என் தங்கச்சி ராணி பிடுங்கிக்கொள்வாள், அதனால் கடிதம்.

உங்கள் மகன் கிரணை எங்கள் அம்பத்தூர் கம்பெனியில் சேர்த்துவிட்டதே நான்தான். இரண்டு ரசாயனத்தைக் கலந்தால், எந்த அழுத்தத்துக்கு மேல் திரவம் வேறு ஆவி வேறு என்று பிரியாமல் ஒன்றாகவே ஓடும் என்று கண்டுபிடிப்பது என் வேலை. தடித்த கண்ணாடிக் குழாயில் அடைத்து, சூடேற்றி, நடுவில் தெரியும் கோடு மறையும்வரை உட்கார்ந்து பார்த்துத்தான் எழுதுவேன். மூணு நாள் ஆவும். உன் புள்ள கம்ப்யூட்டர்ல மூணு நிமிஷத்துல சொல்லிட்டான். ஒண்ணுக்கு அழுத்தம் நாப்பத்தொம்போது பார், இன்னொண்ணுக்கு இருபத்தேழு, கலந்தா நடுவுல முப்பத்தெட்டாம். "டேய், கலவை அப்டி வராதுடா, எண்பதத் தாண்டும், கொயாய்ல பாத்துட்டு சொல்றேன்"னேன். "மாமா, நீ இன்னும் கொயாயயே பாத்துகினு கீறியே"ன்னு மேனேஜர் எதிர்க்க சிரிக்கிறான். அவரும் சிரிக்கிறாரு. நீயே சொல்லு மச்சான், உன் கோவம் ஒரு அளவு, ராணி கோவம் ஒரு அளவு, ரெண்டும் ஒரே ஊட்ல சேந்தா நடுவுலயா நிக்குது? அண்ணனூர் ஸ்டேஷன் வரைக்கும் கேக்குது.

முப்பத்தெட்டுலயே ஓட்னாங்க. பாதி ஆவி, பாதி திரவம்னு பிரிஞ்சு, பம்பு உதறி, மூடி தெறிச்சு என் காதோரமா போச்சு. நான் ஓடிப்போயி வால்வ மூடலன்னா உன் புள்ளய வாரித்தான் எட்த்தாந்திருக்கணும். இப்ப இன்னான்னா, வால்வத் தப்பா திருப்பனது நான்னு எனக்கு மெமோ. அவன் பக்கத்துலயே நின்னுகினு கீறான், வாயத் தொறக்கல. நாளைக்குப் பத்து மணிக்கு விசாரணை. அவன் போட்ட கணக்குத் தாள மேசை மேல வெச்சு உள்ளத உள்ளபடி சொல்லிடுவேன். வேலை போனா அவனுக்குப் போவட்டும். அப்புறம் மாமா மச்சான்னு யாரும் என் வாசலுக்கு வராதீங்க.

ராணிக்கும் சின்னவள் ராதிகாவுக்கும் என் ஆசீர்வாதம். கிரணுக்கு இந்தத் தடவை கிடையாது.

இப்படிக்கு,
ஹேமநாதன்

பி.கு.: தபாலில் போட மறந்து சட்டைப் பையிலேயே இருந்துவிட்டது. விசாரணை முடிஞ்சுது. உள்ள போறப்ப அவன் சின்ன வயசுல மாதிரி என் சட்டை நுனியப் புடிச்சிகினான் மச்சான், பாக்க முடியல. தப்பு என்னுதுன்னு எழுதிக் குடுத்துட்டேன், என் வேலை போச்சு. அந்தத் தாள அடுப்புல போட்டாச்சு. ராணி கேட்டா, மெமோல இருக்குறதயே சொல்லு.